பயணப் பையில் நெல்

வனவிலங்குகளைப் புகைப்படம் எடுக்கும் வேலை, காட்டின் வாயிலிலே தொடங்குகின்றது என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். முந்தின இரவு விறாந்தையிற் பாயை விரித்து, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று தீர்மானிக்கும்போதே எமது படங்களுட் பாதி முடிவாகிவிடுகின்றன என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

சென்ற ஆவணியில் வவுனியாவிலிருந்து வில்பத்துவிற்குப் புறப்பட ஆயத்தமானோம். நாம் நால்வர்: ஆசிரியர் இருவர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர். 1938ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட வில்பத்து, போரினால் நெடுங்காலம் மூடுண்டு கிடந்து, 2010ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகள் அதன் தனிச்சிறப்பு. வறண்ட மாதங்களில் நீர் தேடும் விலங்குகள் அவற்றின் கரைகளுக்கு வரும். படம் எடுப்போரும் அக்காலத்தையே நாடுவர். ஆனால், ஜீப்பின் பின்னால் புழுதி மண்டுவதும் அம்மாதங்களிற்றான்.

ஆசிரியச் சம்பளத்தில் இரண்டு கமராக்களுக்கு இடமேது? எம்மிடம் இருந்தது பழைய கமரா ஒன்று. 400 மில்லிமீற்றர் வரை எட்டும் நெடுவில்லை ஒன்றை, நால்வரும் பணஞ் சேர்த்து இரண்டு நாட்களுக்கு வாடகைக்குப் பெற்றோம். புழுதியின் நடுவே வில்லையைக் கழற்றி மாற்றினால் தூசி உட்புகுந்து ஒளியுணரியிற் படியும். பின்னர் எடுக்கும் படங்களின் வானமெங்கும் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். ஆகவே நெடுவில்லையை வீட்டிலேயே பொருத்திவிட்டோம். தூசியை ஊதி அகற்றும் இறப்பர்ப் பந்து, மென்துணி, கமராவைப் போர்த்தத் தலையணை உறை, மின்னேற்றிய பற்றரி மூன்று, வெறுமையாக்கிய நினைவட்டை இரண்டு, தண்ணீர்ப் போத்தல்கள் என ஒவ்வொன்றாகக் குறித்தோம். விலங்கை வெருட்டும் பிளாஷ் விளக்கையும், பாரங் கருதிச் சிறிய வில்லையையும் பட்டியலிலிருந்து வெட்டினோம்.

ஜீப்பினுள் முக்காலியை விரிக்க இடமில்லை. கனத்த வில்லை ஆடாதிருக்க, தானியம் நிரப்பிய துணிப்பை ஒன்றை ஜீப்பின் பக்கக் கம்பியிலே வைத்து, அதன்மேல் வில்லையைச் சாத்துவது வழக்கம். அதற்காகச் சிறிது நெல் கொண்டுவருமாறு, செட்டிகுளத்துப் பக்கத்துக் கமக்காரக் குடும்பத்து மாணவனிடம் சொல்லியிருந்தோம். மாலையில் அவன் தந்தையுடன் வந்தான்.

"போன போகத்தில யானை விட்டுவைச்ச நெல்லு, சேர்" என்று சிரித்தபடியே பையை நீட்டினார் அவர். அது எதற்கென்று அறிந்ததும் சிரிப்பு நின்றது.

"நெல்லு வேண்டாம், சேர். அந்த வாசம் யானைக்கு எட்டத்திலயே தெரியும். வீட்டில மூட்டை அடுக்கினால் சுவரை இடிச்செல்லோ எடுக்குது. ஜீப்புக்குள்ள வைக்கலாமோ?"

நாம் வாயடைத்துப் போனோம். வில்லையின் துளை, மூடியின் வேகம் என்பன பற்றி நிறையப் படித்திருந்தோம். பரணிலே இரவிரவாகக் கண்விழித்து, யானை வெடி கொளுத்திப் பயிரைக் காத்த மனிதரின் அறிவுக்கு எமது பட்டியலில் இடமிருக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். யானைகள் காலங்காலமாக நடந்த வழிகளை மறித்துக் குடியேற்றங்களையும் பண்ணைகளையும் வரைபடத்திற் குறித்தவர்கள் பரணிலே கண்விழிப்பதில்லை. அத்திட்டங்களின் விலையைக் கமக்காரனும் யானையுமே செலுத்துகின்றனர்.

நெல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையினுள் பழந்துணிகளை அடைத்தோம். எமது தையலைப் பார்த்துப் பொறுக்காத அவர், ஊசியை வாங்கிச் சாக்குத் தைப்பதுபோல இறுக்கித் தைத்துத் தந்தார். புறப்படும்போது சற்றுத் தயங்கினார்.

"திரும்பி வரேக்க எங்கட சுவரையும் ஒருக்கா எடுத்துத் தாங்கோ, சேர். நட்டஈட்டுக்குக் கந்தோரில படம் கேக்கினம். போனில எடுத்தது தெளிவில்லையாம்."

தொலைவிலுள்ள யானையை அருகிற் கொணரும் நெடுவில்லை, அருகிலுள்ள வீட்டை முழுமையாகக் காட்டாது. வெட்டிய பெயரை மீண்டும் எழுதினோம். சிறிய வில்லையைத் துடைத்துப் பையில் வைத்தோம்.

சிறுத்தை எமக்குத் தென்படவில்லை. வில்லுக் கரையிலே குட்டியுடன் நின்ற யானையொன்று நன்றாகப் பதிந்தது. திரும்பும் வழியிலே சுவரையும் எடுத்தோம். இடிந்த பக்கம் முழுவதும், அதனருகே அவரும் அவருடைய மனைவியும். ஒரு பிரதி கந்தோருக்குப் போயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. மற்றொன்று எமது வகுப்பறையில் யானையின் படத்திற்கு அருகே தொங்குகின்றது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர் கேட்கின்ற கேள்விகள், யானையை மட்டும் பார்த்தபோது கேட்டவை அல்ல.

காட்டிற்குப் புறப்படும் நண்பர்களே, பாரத்தைப் பாராது சிறிய வில்லைக்கும் பையில் இடம் வையுங்கள்.