ஒரு மழை நாளும் ஒரு மீனும்

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் நாள். அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் நல்ல மழை. வயல் சேறாகிக் கிடந்ததால் அன்று உழ முடியவில்லை. ஜார்ஜ் பெர்ரிக்கு அப்போது வயது இருபது. தந்தையை இழந்த குடும்பம் அது. தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் உணவுக்கு வழி தேடும் பொறுப்பு அந்த இளைஞரின் தலைமேல் விழுந்திருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பொருளாதார மந்தம் நிலவியது. பருத்தியின் விலை அடியோடு சரிந்து, விளைவித்தவனுக்கே கையைக் கடித்த காலம். அப்படிப்பட்ட வீட்டில், வேலை இல்லாத நாளை ஓய்வு நாளாகக் கழிக்க முடியுமா? வேறு வழியில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். அதனால் பெர்ரி தம் நண்பர் ஜேக் பேஜுடன் மீன் பிடிக்கக் கிளம்பினார்.

அவர்கள் சென்ற இடம் மாண்ட்கோமரி ஏரி. ஏரி என்றதும் பரந்து விரிந்த நீர்ப்பரப்பைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒக்மல்கி என்னும் ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டபோது, பழைய வளைவு ஒன்று துண்டிக்கப்பட்டுத் தனியே தேங்கி நின்றுவிட்டது. குதிரை லாடம் போல் வளைந்து கிடந்த அந்த நீர்தான் மாண்ட்கோமரி ஏரி. விழுந்த மரங்களும் கலங்கிய தண்ணீரும் நிறைந்த இடம். மனிதருக்கு அழகாகத் தோன்றாத இத்தகைய நீர்நிலையைத்தான் அவர்கள் தேடிச் சென்ற மீன் மிகவும் விரும்பும்.

அந்த மீனின் பெயர் லார்ஜ்மௌத் பாஸ். தமிழில் பெருவாய் பாஸ் என்று சொல்லலாம். அதன் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். வாயைத் திறந்தால் ஒரு கை உள்ளே நுழையும் போலிருக்கும். இரையை நெடுந்தூரம் விரட்டிச் செல்லும் பழக்கம் அதற்கு இல்லை. மூழ்கிய மரக்கட்டையின் நிழலிலோ நீர்ப்பாசிகளின் ஓரத்திலோ அசையாமல் காத்திருக்கும். சிறு மீனோ தவளையோ அருகில் வந்தவுடன், வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். முட்டையிடும் காலத்தில் ஆண் மீன்தான் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். உருவத்தில் பெரிதாக வளர்வது பெண் மீன். மலேசியாவின் ஈயக் குட்டைகளிலும் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களிலும் காணப்படும் பீகாக் பாஸ் இதன் உறவு என்று சிலர் நினைப்பதுண்டு. பெயர் மட்டுமே பொது. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வேறோர் இனம்.

பெர்ரியும் பேஜும் சென்றது கையால் செய்த ஒரு படகில். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தூண்டில். செயற்கை இரையும் ஒன்றுதான். மரத்தைச் சிறு மீன் போலச் செதுக்கி, வண்ணம் பூசி, கொக்கி மாட்டிய பொருள் அது; நூலைச் சுற்றி இழுக்கும்போது உயிருள்ள மீனைப் போல நெளியும். ஒருவர் தூண்டில் வீசினால் மற்றவர் துடுப்புப் போட வேண்டும். இன்று பாஸ் மீன் பிடிக்கச் செல்வோரின் படகுகளைப் பார்த்தால், நீரடியில் கிடக்கும் கட்டையைக் கூடத் திரையில் காட்டும் மின்கருவிகள், பெட்டி பெட்டியாகச் செயற்கை இரைகள், அரை டஜன் தூண்டில்கள் என்று ஒரு கடையே இருக்கும். அத்தனையும் வைத்துக்கொண்டு அவர்கள் தேடுவது, அந்த ஒற்றைத் தூண்டிலில் சிக்கிய மீனைவிடப் பெரிய ஒன்றைத்தான்.

பெர்ரியின் முறை வந்தது. நீரில் ஓரிடத்தில் ஏதோ அசைந்ததைக் கண்டு அவர் இரையை அங்கே வீசினார். திடீரென்று தண்ணீர் நாலாபுறமும் தெறித்தது. தூண்டிலை வெட்டி இழுத்தார். அது அசையவே இல்லை. மீன் ஆழத்துக்குப் பாய்ந்து நூலை எங்கோ கட்டையில் மாட்டிவிட்டுத் தப்பிவிட்டது என்றுதான் அவர் எண்ணினார். மீன் போனால் போகட்டும், அந்த ஒரே செயற்கை இரையும் போய்விடுமோ என்பதே அப்போதைய கவலையாக இருந்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். இதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால், அந்த இரை போனால் அன்றைய மீன்பிடிப்பே முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

பின்னர் அந்தக் 'கட்டை' நகரத் தொடங்கியது. நெடுநேரம் அவசரப்படாமல் இழுத்துப் படகின் அருகே கொண்டுவந்தபோதுதான் நண்பர்கள் அதன் உருவத்தை முழுமையாகப் பார்த்தார்கள். இருவரும் மேலும் மீன் பிடிக்கவில்லை. ஹெலினா என்னும் சிற்றூருக்கு அதை எடுத்துச் சென்றார்கள். ஊரார் கூடினர். தராசில் நிறுத்தபோது எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகம். நீளம் 32.5 அங்குலம், உடலின் சுற்றளவு 28.5 அங்குலம். பாஸ் மீன் பிடிப்பவர்களுக்குப் பத்துப் பவுண்டு மீன் ஒன்று கிடைத்தாலே வாழ்நாள் முழுவதும் சொல்லி மகிழ்வார்கள். பெர்ரி பிடித்தது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற இதழ் அப்போது பெரிய மீன்களுக்குப் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. எடையும் அளவும் முறையாகச் சான்றளிக்கப்பட்டு அதற்கு அனுப்பப்பட்டன. பெர்ரி முதல் பரிசு பெற்றார். பரிசு 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள். மீன் என்ன ஆயிற்று? அவர் அதை வீட்டுக்குக் கொண்டுசென்றார், தாய் சமைத்தார், குடும்பத்தினர் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டனர். உலகின் மிகப் பெரிய பெருவாய் பாஸ் ஓர் ஏழை வீட்டின் அடுப்பில் முடிந்துபோனதை எண்ணி வருந்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கலாமே என்பது அவர்களின் ஆதங்கம். வயிறு நிறைந்தவர்களுக்குத் தோன்றும் யோசனை அது.

பாடம் செய்த மீனும் இல்லை, ஐயமற்ற படமும் இல்லை என்பதால் பின்னாளில் சந்தேகக் குரல்கள் எழுந்தன. ஆனால் பெர்ரி 1934ஆம் ஆண்டிலும் 13 பவுண்டு 14 அவுன்ஸ் எடையுள்ள ஒரு பாஸ் மீனைப் பிடித்து அதே போட்டியில் மீண்டும் வென்றார். மீனைப் பற்றித் தாமாக வாய் திறந்து பெருமை பேசும் இயல்பு அவருக்கு இல்லை. பிற்காலத்தில் விமானியானார். 1974ஆம் ஆண்டு தாம் ஓட்டிச் சென்ற சிறு விமானம் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். அவர் இறந்த அதே 1974இல், உலகின் மறுகோடியில், ஜப்பானின் பிவா ஏரியில் பெருவாய் பாஸ் மீன் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

பிவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. பரப்பளவு ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர். உலகின் மிகப் பழைய ஏரிகளுள் ஒன்றான அதில், வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் வாழ்கின்றன. நிகோரோபுனா அவற்றுள் ஒன்று. அதை உப்பிட்டு, சோற்றோடு சேர்த்துப் பல மாதங்கள் புளிக்க வைத்துச் செய்யும் ஃபுனாசூஷி அந்த வட்டாரத்தின் பாரம்பரிய உணவு. கரையோர நாணல்களுக்கிடையே வளரும் இதன் குஞ்சுகள், காத்திருந்து விழுங்கும் பாஸ் மீனுக்கு எளிய இரை. பாஸ் தானாக நீந்தி ஜப்பானுக்கு வரவில்லை. 1925ஆம் ஆண்டு ஒரு தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து மனிதர்களின் கைவழியே அது நாடெங்கும் பரவியது. புளூகில் என்ற மற்றோர் அமெரிக்க மீனின் கதையும் இப்படித்தான். 1960இல் பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிட்டோ, சிகாகோவில் அன்பளிப்பாகப் பெற்ற புளூகில் மீன்களை நாட்டுக்குக் கொண்டுவந்தார். வளர்ப்பு ஆய்வுக்காகக் கொடுக்கப்பட்ட அவை ஏரிகளுக்குள் பரவிவிட்டன. 2007இல் பேரரசராக, பிவா ஏரிக்கரை நகரமான ஓட்சுவில் பேசியபோது, அதை எண்ணித் தாம் மனம் வருந்துவதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், மனாபு குரிட்டா என்பவர் அந்த ஏரியில் ஒரு பாலத்தூணின் அருகே தூண்டில் போட்டார். கொக்கியில் அவர் மாட்டியிருந்தது உயிருள்ள புளூகில். ஒரு வந்தேறி மீனைக் கொண்டு இன்னொரு வந்தேறி மீனைப் பிடித்தார். சிக்கிய பாஸ் மீனின் எடை 10.12 கிலோ. பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே அதிகம். பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அனைத்துலக மீன்பிடி விளையாட்டுச் சங்கத்தின் விதி. பல மாத ஆய்வுக்குப் பின், 2010 ஜனவரியில் சங்கம் தன் முடிவை அறிவித்தது. சாதனை சமநிலை. எழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் சேற்று ஏரியில் கிடைத்த மீனும் பிவா ஏரியின் மீனும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அமெரிக்காவில் இன்று பாஸ் மீன் பிடிப்போரில் பெரும்பாலோர், பிடித்த மீனை உயிரோடு மீண்டும் நீரில் விட்டுவிடுவதையே நல்ல பழக்கமாகக் கருதுகிறார்கள். பிவா ஏரியில் அப்படிச் செய்யக்கூடாது. அந்த ஏரி அமைந்துள்ள ஷிகா மாநிலம், பிடிபட்ட பாஸையும் புளூகில்லையும் திரும்ப ஏரியில் விடுவதை 2003ஆம் ஆண்டு முதல் தடைசெய்துள்ளது. எதிர்ப்பு எழாமல் இல்லை. வழக்கு நீதிமன்றம் வரை சென்றும் தடை நீங்கவில்லை. படகு வாடகைக்கு விடுபவர்களுக்கு வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருபவர்கள் வேண்டும். வலை வீசிப் பிழைக்கும் மீனவர்களுக்கு நிகோரோபுனா வேண்டும். இரு தரப்பினரும் அதே ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள். கரையோரப் பூங்காக்களிலும் படகுத்துறைகளிலும் மாநில அரசு பெட்டிகளை வைத்திருக்கிறது. தூண்டில்காரர்கள் பாஸ் மீனைப் பிடித்துவிட்டால், படம் எடுத்துக்கொண்டு, மீனை அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும்.