ஐந்து பேர், ஒரு ஸ்பீக்கர், கீழ்வீட்டு அண்ணன்

சாத்தாங்காட்டில் பாட்டு போடுவதென்றால் எதிர்க்கட்சி எப்போதும் ரெடியாக இருக்கும். சிஎம்டிஏ அமைத்த இரும்பு எஃகு மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. காயில் ஏற்றிய டிரெய்லர் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறினால் பல்லவி போச்சு. எங்கேயோ தகடு இறக்கினால் சரணமும் போச்சு. இந்த ஊரில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரை மொட்டை மாடியில் வைத்து பிறந்தநாள் கொண்டாடலாம் என்று பி.காம் கடைசி வருஷப் பசங்க ஐந்து பேர் நினைத்தது தப்புதான்.

அந்த ஸ்பீக்கர் ஒருவனுடைய அக்காவுடையது. கேக் வைத்த ஸ்டூலில் வைத்தார்கள். ஸ்டூலைச் சுற்றி நின்றவனுக்குக் கேட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றவனுக்குக் கேட்கவில்லை. முழு வால்யூம் வைத்ததும் ஸ்பீக்கர் கரகரவென்று அழுதது. போதாக்குறைக்கு பாட்டு நடுவில் போன்காரனுக்கு அம்மாவிடமிருந்து கால் வந்தது. தொட்டதும் அதுவும் ஸ்பீக்கரிலேயே பேசியது. "எங்கடா இருக்க? கேஸ் புக் பண்ணியா இல்லியா?" அன்று மாடியில் தெளிவாகக் கேட்ட ஒரே வசனம் அதுதான்!

"மச்சான், தலைக்கு ஆயிரம் போட்டு பெருசா ஒண்ணு வாங்கிடலாம்டா."

ஐந்து பேர், 5,000 ரூபாய். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. பரவாயில்லை, ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாப நஷ்டம் சமபங்கு என்று 1932-ம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டமே சொல்கிறது. ஐந்தாவது ஆள் மட்டும் "அடுத்த மாசம் தர்றேன்டா" என்றான். கார்னர் எதிர் மர்ரே வழக்கைப் படித்தவர்களுக்கு மீதி புரியும். நொடித்துப்போன கூட்டாளியின் பள்ளத்தை மற்றவர்கள்தான் நிரப்ப வேண்டும். கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷம் உழைத்து, மாதம் இரண்டு தடவை, தடவைக்கு மூன்று மணி நேரம் பாடினால் 216 மணி நேரம். மணிக்கு சுமார் 23 ரூபாய். டீ செலவை விடக் கம்மி என்று தீர்மானம் நிறைவேறியது.

தேரடியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். அங்கே முதல் கடையிலேயே வாட் என்ற பூதம் பிடித்துக்கொண்டது. பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்களே, அது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தைக் காட்டுகிற வித்தை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தாங்குகிற அளவு. அதிலும் ஒரு விஷயம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய எதிரி தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்துவிடும். ஒரு மீட்டரில் கேட்கிற சத்தம் எட்டு மீட்டரில் 18 டெசிபல் இளைத்துப்போகும். ஸ்டூல் பக்கம் 10 வாட்டில் கேட்டதை தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் அதே அளவில் கேட்கவைக்க சுமார் 630 வாட் வேண்டும். சக்கரம் வைத்து இழுத்துப்போகிற டிராலி ஸ்பீக்கர் விற்பதே இந்தக் கணக்கைத் தெரியாதவர்களை நம்பித்தான். வாங்கினால் என்ன ஆகும்? தொட்டிக்காரனுக்குக் கேட்கும். ஸ்டூல்காரன் காதைப் பொத்திக்கொள்வான். தெருவே விழிக்கும்.

டிராலியைத்தான் முதலில் ஆசையாகத் தடவிப் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு தெரிந்தவரிடம் ஓசியில் ஒன்று வாங்கி வந்து மாடியில் ஓட்டியும் பார்த்தார்கள். மத்தியானம் இரண்டு மணி. பேஸ் முழுக்க ஏற்றியாச்சு. வெட்டவெளியில் பேஸைத் திருப்பி அனுப்ப சுவர் இல்லாததால் அது சப்பென்றுதான் கேட்கும், ஆளும் இன்னும் ஏற்றிக்கொண்டே போவான். மூன்றாவது பாட்டில் கீழ்வீட்டு அண்ணன் படியேறி வந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து காலையில் படுத்தவர். கண் இரண்டும் சிவப்பு. திட்டுவார் என்று எல்லோரும் நின்றார்கள்.

"தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது காதுல வரலப்பா, கட்டில்ல வருது."

அவ்வளவுதான் சொன்னார். இறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரியான பௌதிகம். கனமான ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் அதிர்வு நேராகக் கான்கிரீட்டில் இறங்கும். மாடித் தரை என்பது அவருடைய கூரை. கீழே மடித்த பாய், பழைய தலையணை ஏதாவது போட்டு, ஆப்பில் பேஸைக் குறைத்தாலே பாதி சண்டை தீரும். இதை எந்த அட்டைப்பெட்டியிலும் எழுதுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். தனியார் இடத்து ஒலிக்கருவி தன் எல்லையில் இதைவிட 5-க்கு மேல் கூடக் கூடாது. ஆக ராத்திரிக்கு 50. பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினாலே சுமார் 60 வரும்! தொழிற்பேட்டைக்கு மட்டும் பகலில் 75, இரவில் 70. சாத்தாங்காட்டில் குடியிருப்பு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தூங்குகிறவர் காதுக்குத் தெரியாது. டிரெய்லரை அந்த அண்ணனால் நிறுத்தச் சொல்ல முடியாது. மாடியில் இருப்பவர்களிடம்தான் சொல்ல முடியும். முன்பு ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் மைக்செட்காரர் என்று ஒருவர் இருப்பார். சத்தம் அதிகம் என்றால் அவரைப் போய்க் கேட்கலாம். இப்போது பட்டன் ஐந்து பேர் பாக்கெட்டில் இருக்கிறது, கேட்டால் "நான் இல்ல, அவன்" என்று ஒருவரை ஒருவர் காட்டலாம்.

கடைசியில் டிராலியை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று இணைகிற மாதிரி இரண்டு நடுத்தர ஸ்பீக்கர் வாங்கினார்கள். ஒன்று ஸ்டூல் பக்கம், ஒன்று தொட்டிப் பக்கம். தூரம் குறைந்ததும் வால்யூமும் குறைந்தது. கடையில் சோதித்தது கானா பாட்டு போட்டுத்தான். கானாவில் வார்த்தை புரியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கு? பேஸ் மட்டும் குமுறுகிற செட்டில் பாடுகிறவர் போர்வைக்குள் இருப்பது போலக் கேட்டது. அதைத் தள்ளிவிட்டார்கள்.

தண்ணீர், தூசி விஷயத்தில் ஐபி67 என்று போட்டிருந்ததைப் பார்த்தார்கள். 6 என்றால் தூசி உள்ளே போகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. எண்ணூர் ரோட்டோரம் கல் கொட்டிய கரையில் உட்கார்ந்து பாட்டு கேட்டால் உப்புத் தண்ணீர் தெறிக்கும், சார்ஜ் போடுகிற ஓட்டை துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். சாத்தாங்காட்டுக்கென்றே இன்னொன்றும் உண்டு. ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். தகடு வெட்டுகிற இடத்துப் பக்கம் வைத்தால் இரும்புத் தூள் விருந்துக்கு வந்துவிடும்!

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் மிதமான வால்யூமுக்கானது, முழுசாக வைத்தால் வேகமாகக் கரையும். போனுக்கு சார்ஜ் கொடுக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை நினைத்து, அதற்காக மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒருவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. வழியனுப்பு விழா அதே மாடியில். ஆரம்பிக்கும் முன் ஒருவன் கீழே போய் கதவைத் தட்டி "அண்ணே, இன்னிக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்டுவிட்டு வந்தான். பகல் ஷிப்ட்டாம். பாய் மடித்துப் போட்டாச்சு. பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாட்டை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பிஸ்கட் டின்னைத் தட்டிப் பாடியது எத்தனை டெசிபல் என்று யாரும் அளக்கவில்லை.

இனி கணக்கு முடிக்க வேண்டும். ஸ்பீக்கர் இரண்டு, பங்குதாரர் ஐந்து, ஒருவன் ஓசூர். ஒன்று அக்காவுக்குப் போகட்டும் என்று ஒரு கட்சி. சார்ஜர் மட்டும் ஐந்தாவது ஆளிடம் இருக்கிறது. அவன் ஆயிரம் இன்னும் வரவில்லை.