எலிசபெத்தில் எங்கள் கார்

நாங்கள் இருக்கிற ஊருக்குப் பெயர் எலிசபெத். நியூ ஜேர்சியில், நியூவார்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ஊரின் பெயரிலேயே எலி இருக்கிறது என்று வந்த புதிதில் பகிடி விட்டோம். பிறகு அந்தப் பகிடி எங்கள் காருக்குள் வந்து குடியேறியது.

நாங்கள் மூன்று பேர். ஒரு நிலக்கீழ் அறை, ஒரு கார். எடிசனில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் மூவருக்கும் வேலை. ஒருவர் தோசைக்கல்லில், ஒருவர் காய்கறி வெட்டுகிற மேசையில், ஒருவர் கோப்பை கழுவுகிற தொட்டியில். கடையைப் பூட்டித் துடைத்து வெளியே வர நடுச்சாமம் ஆகும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஆளுக்கு ஆயிரம் டொலர் போட்டுப் பழைய கார் ஒன்று வாங்கினோம். ஓட்டுகிற உரிமை மூத்தவருக்கு. நித்திரை கொள்ளுகிற உரிமை மற்ற இரண்டு பேருக்கும்.

2020 மார்ச் 16 இரவோடு நியூ ஜேர்சியில் கடைக்குள் இருந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். எடுத்துப் போகலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அவ்வளவுதான். முதலாளி எங்களை வீட்டில் இருக்கச் சொன்னார். காரைப் பின்வளவில் வேலியோரம் விட்டோம். ஏழு கிழமை அது அசையவில்லை. பெற்றோல் காசு மிச்சம் என்று சந்தோசப்பட்டதும் உண்மை.

மே மாதத்தில் ஒரு இரவு முதலாளியின் தொலைபேசி வந்தது. அவர் மதுரைப் பக்கத்துக்காரர். "நாளைக்குக் காரோட வாங்க. டெலிவரிக்கு ஆள் வேணும். வரலைன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

காலையில் மூத்தவர் சாவியைத் திருப்பினார். எல்லா லைற்றும் எரிந்தது, எஞ்சின் மட்டும் பேசவில்லை. பற்றரி என்று நினைத்துப் பொனற்றைத் திறந்தோம்.

உள்ளே ஒரு வீடு இருந்தது. பொனற்றின் உட்பக்கத்து மெத்தையைப் பிய்த்துப் பஞ்சாக்கி, பற்றரிக்குப் பக்கத்தில் வட்டமாகப் படுக்கை போட்டிருந்தது. அதற்குள் கோழி எலும்பு, நிலக்கடலைக் கோது, எங்கள் கடையின் கடதாசித் துவாய். அதைச் சுற்றி வயர்கள் தோல் உரிந்து, செம்பு பளபளத்தது. சிலது முற்றாக அறுந்திருந்தது.

"பாவம், அதுவும் எங்களை மாதிரித்தானே, இருக்க இடமில்லாமல் வந்திருக்கு" என்றார் இளையவர்.

"எங்களை மாதிரி எண்டால் வாடகையிலை நாலிலை ஒரு பங்கைக் கட்டச் சொல்லு" என்றார் மூத்தவர்.

மெக்கானிக் கொலம்பியாக்காரர். அந்தக் கிழமை எலி கடித்து வந்த கார்களில் எங்களுடையது நாலாவது என்றார். கூலியோடு 850 டொலர். எலி கடித்ததற்குக் காசு கிடைக்க முழுக் காப்புறுதி இருக்கவேண்டும். நாங்கள் கட்டியது சட்டத்துக்குத் தேவையான குறைந்த காப்புறுதி. அது நாங்கள் மற்றவனை இடித்தால் மற்றவனுக்குக் கொடுக்கும். எங்களை எலி கடித்தால் எங்களுக்குக் கொடுக்காது. ரொறன்ரோவில் சீட்டு எடுத்த ஒரு மச்சான் காசு அனுப்பினார். கார் வர ஐந்து நாள் போனது. அதற்குள் டெலிவரிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். செப்ரெம்பர் 4 முதல் கால்வாசிப் பேரை உள்ளே இருத்தலாம் என்று விட்ட பிறகுதான் எங்களுக்கு மறுபடி குசினி கிடைத்தது.

அதே மே மாதத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு அறிவித்தல் விட்டது. சாப்பாட்டுக்கடைகள் பூட்டியதால் அவற்றின் குப்பையை நம்பியிருந்த எலிகள் சாப்பாடு தேடிப் புது இடங்களுக்கு அலைகின்றன, சில இடங்களில் மூர்க்கமாகவும் நடக்கின்றன என்று. கடை பூட்டியதால் பிழைப்புப் போனது எங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம்.

ஏன் வயரைக் கடிக்கிறது? எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு விலங்கியலை விட்டு வந்தவர். அந்தப் படிப்பில் இங்கே உதவியது இது ஒன்றுதான்: எலியின் முன்பல் சாகும்வரை வளரும். முன்பக்கம் வன்மையான மிளிரி, பின்பக்கம் மென்மை. கொறித்துத் தேய்க்காவிட்டால் வாய் மூட முடியாமல் போகும். பசி இல்லாவிட்டாலும் அது கொறிக்கத்தான் வேண்டும்.

இங்கே பலர் சோயாவைக் குற்றம் சொல்கிறார்கள். வயரின் மேலுறையில் இப்போது சோயா சேர்க்கிறார்களாம், அதன் ருசிக்குத்தான் எலி வருகிறதாம். 2016 இல் ரொயோட்டாவுக்கு எதிராகக் கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். எங்களுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. காரணம் ஒரு ஏ40.

மூத்தவரின் அப்பா ஊரில் வாடகைக்கு ஏ40 ஓட்டியவர். பெற்றோல் தடையாயிருந்த காலத்தில் கொஞ்சப் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது மண்ணெண்ணெயும் இல்லை. கார் கொட்டிலில் நின்றது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அதற்குள்ளும் ஒரு வீடு இருந்தது. சீற்றின் தும்பைப் பிய்த்துப் படுக்கை, வயர் எல்லாம் கொறித்தபடி. அந்த வயருக்கு மேலே சுற்றியிருந்தது பருத்தி நூல். சோயாவை அந்த எலி கண்டிருக்காது. அப்பா சைக்கிள் டைனமோ வயரை முறுக்கிப் பொருத்திக் காரை ஓட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் பொனற்றைத் திறந்து ஒரு பூவரசந் தடியை முண்டு கொடுத்துவிட்டுத்தான் படுப்பாராம். "இருட்டும் சூடும் கிடைச்சால் எலி குடியிருக்கும். காத்தும் வெளிச்சமும் விட்டால் போயிடும்." அப்போது மூத்தவருக்கு எட்டு வயது. அதை அவர் எங்களுக்குச் சொல்லும்போது 850 டொலர் ஏற்கெனவே போயிருந்தது.

அதற்கு முன்னர் செய்த வைத்தியங்களையும் சொல்லவேண்டும். மிளகுக்கீரை எண்ணெய் தெளித்தோம். கார் இரண்டு நாள் பற்பசை மாதிரி மணந்தது, அவ்வளவுதான். பூச்சி உருண்டை போட யோசித்தோம். அந்த நஞ்சு காற்றோடு எங்கள் மூக்குக்குத்தான் வரும் என்று விட்டோம். குசினியில் இருந்து செத்தல் மிளகாய்த்தூள் கொண்டுவந்து எஞ்சின் மேல் தூவினோம். அடுத்த நாள் காற்றூதியைப் போட்டதும் எடிசன் வரை மூன்று பேரும் தும்மினோம். பிறகுதான் தெரிந்தது, மிளகாயின் உறைப்பைப் பூசிய நாடாவை ஹொண்டா நிறுவனமே விற்கிறது என்று. வயரில் சுற்றுவதற்கு. வாங்கிச் சுற்றினோம். சுற்றிய வயரை எலி தொடவில்லை. சுற்றாத வயரைத் தொட்டது. நாடா வயரைத்தான் காக்கும், காரைக் காக்காது.

நஞ்சு வைக்கவில்லை. இரத்தம் உறையவிடாமல் செய்கிற நஞ்சைத் தின்ற எலி உடனே சாகாது. நாட்கணக்கில் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற பறவைக்கும் நஞ்சு போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயோர்க்கில் இதைக் கண்டோம். 2023 பெப்ரவரியில் சென்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் யாரோ கூட்டை வெட்டிவிட, ஃபிளாக்கோ என்ற கோட்டான் வெளியே பறந்தது. கூட்டிலேயே வளர்ந்த பறவை தானாக எலி பிடிக்கப் பழகி ஒரு வருடம் சுதந்திரமாக இருந்தது. 2024 பெப்ரவரியில் ஒரு கட்டிடத்தடியில் விழுந்து செத்தது. உடலைச் சோதித்தபோது புறாக்களில் இருந்து தொற்றிய வைரசும் நான்கு வகை எலிநஞ்சும் இருந்தன. அந்தச் செய்தி வந்த இரவு குசினியில் நாங்கள் மூவரும் அதிகம் கதைக்கவில்லை.

கடைசியில் எங்களுக்குப் பலித்தவை எல்லாம் காசில்லாத வேலைகள். சுண்டெலிக்கு ஒரு பென்சில் அகல ஓட்டை போதும். எஞ்சினின் அடிப்பக்கமோ திறந்தே கிடக்கிறது. ஆகவே வழியை அடைக்க முடியாது, வருகிற காரணத்தைத்தான் இல்லாமல் செய்யலாம். காரணம் நாங்களேதான். கடையில் மிஞ்சிய சோற்றையும் கோழியையும் வருடக்கணக்காகக் காரில் கொண்டுவந்தோம். சீற்றுக்கடியில் பருக்கை சிந்தியது. குப்பைப் பையைக் காருக்குப் பக்கத்திலேயே வைத்தோம். இப்போது சாப்பாடு மூடியுள்ள வாளியில் வருகிறது, குப்பை மூடியுள்ள தொட்டியில் வீட்டின் மற்றப் பக்கத்தில். வேலியோரப் புல்லை வெட்டினோம். லீவு நாளிலும் ஒருவர் காரை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டுவார். சுவரோரம், எலி நடக்கிற பாதையில் பொறி. இரவில் பொனற் திறந்து, முண்டு கொடுத்து, பக்கத்தில் ஒரு சிறு விளக்கு.

வாசிக்கிற உங்களில் யாரும் கூடு கண்டால் ஒன்று கவனியுங்கள்: காய்ந்த புழுக்கையைக் கூட்டித் தள்ளாதீர்கள். அந்தத் தூசியால் நுரையீரலுக்கு ஆபத்தான ஹன்ரா வைரஸ் வரலாம். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். நாங்கள் முதல் தரம் வெறுங்கையால் அள்ளினோம். தப்பியது அதிர்ஷ்டம்.

2022 நவம்பரில் எங்களில் ஒருவருக்கு நியூவார்க் குடிவரவு நீதிமன்றத்தில் காலை எட்டரைக்கு விசாரணை. போகாவிட்டால் ஆள் இல்லாமலே நாடுகடத்தத் தீர்ப்பு எழுதலாம். சாட்சி சொல்ல ஒரு ஐயா சம்மதித்திருந்தார். ஷெல் பட்ட கால், ரயில் நிலையப் படி ஏறமாட்டார். அவரை எடிசனில் போய் ஏற்றவேண்டும். முதல்நாள் இரவு மூன்று பேரும் மாறி மாறி எழும்பி யன்னலால் காரைப் பார்த்தோம். விளக்கு எரிந்தது, பொனற் திறந்திருந்தது.

விடிய ஐந்தரைக்கு மூத்தவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் ஸ்ராட் ஆனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இளையவர் மட்டும் கார்க் கதவைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல.

ஒரு மணித்தியாலம் முந்தியே போய்ச் சேர்ந்தோம். பத்து மணிக்கு வழக்கை இன்னொரு வருடத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். ஐயாவைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விட்டோம். "பரவாயில்லைத் தம்பியவை, கூப்பிட்டால் அப்பவும் வாறன்" என்றார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கார் இன்னும் ஓடுகிறது. நடுச்சாமம் வேலையால் வந்ததும் முதலில் பொனற்றைத் திறந்து தடியை முண்டு கொடுக்கிறோம். பிறகுதான் கைகழுவி எங்கள் சோறு.