ஓர் உறையில் இரண்டு வாள்

2008ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக் கணினிக்கு நான்கு காவலர்கள் இருந்தார்கள். கடையில் பணம் கொடுத்து வாங்கிய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இன்னொன்று, உளவு நிரல்களைப் பிடிப்பதற்கென்றே தனியாக ஒன்று, இவை போதாவென்று ஒரு தீச்சுவர். (ஃபயர்வால் என்பதற்குத் தீச்சுவர் என்ற சொல் நிலைத்துவிட்டது. அது தீயாலான சுவரன்று. தீ பரவாமல் தடுக்கக் கட்டடங்களில் எழுப்பும் சுவர். தீத்தடுப்புச் சுவர் என்பதே சரி. ஆயினும் எதைக் கண்டாலும் அஞ்சிச் சுற்றிலும் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்த எங்களுடைய அன்றைய மனநிலைக்குப் பிழையான சொல்லே பொருத்தமாக இருந்தது.)

வாசற்கதவுக்கு ஒரு பூட்டைவிட இரண்டு பூட்டு நல்லது என்பதுதான் எங்கள் கணக்கு. கணினியின் நினைவகமோ 512 மெகாபைட். பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டு எடுத்து வந்தாலும் திரை முழுமையாக எழுந்திருக்காது. காவல் கடுமையாக இருப்பதன் அடையாளம் அது என்று நம்பினோம்.

புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சி எனத் தனித் திணையாக்குகிறது. தொல்காப்பியத்தில் அது உழிஞைக்குள்ளேயே அடங்கிவிடும். முற்றுகையிடுவோனும் காப்போனும் ஒரே திணையில் நிற்பார்கள். வகுப்பில் இந்த வேறுபாட்டைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். காப்பவனே முற்றுகையிடுபவனாக மாறக்கூடும் என்பதை எங்கள் மேசைமேல் பார்க்கும்வரை அது தேர்வுக்குரிய வினாவாக மட்டுமே இருந்தது.

அந்த மதிலுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். 2005 முதல் 2007 வரை நாங்கள் இருவரும் தாமிரபரணிக் கரை ஊர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்துகொண்டு அலைந்தோம். கையிலிருந்தது ஒரு சிறிய டேப் ரெக்கார்டர். கேசட்டுகளுக்குச் செலவழிக்கப் பணமில்லை. ஒரு கேசட்டை எழுத்தில் பெயர்த்து முடித்ததும் அதன்மேலேயே அடுத்த ஊரைப் பதிவு செய்தோம். இன்று எந்த மாணவர் இப்படிச் செய்தாலும் கடிந்துகொள்வோம். அன்று எங்களைக் கடிந்துகொள்ள யாருமில்லை. ஆக, அந்தப் பெண்களின் குரல் போய், சொற்கள் மட்டும் 43 வேர்ட் கோப்புகளாகக் கணினியில் இருந்தன.

ஒரு நாள் மாணவர் ஒருவர் கட்டுரை கொண்டுவந்த பென் டிரைவில் மேக்ரோ வைரஸ் ஒன்றும் வந்தது. வேர்டில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாதிருக்க எழுதிவைக்கும் சிறு கட்டளைத் தொகுப்பே மேக்ரோ. வைரஸ் அந்த உருவில் வந்து, வேர்டின் அடிப்படை வார்ப்புருவில் குடியேறிக்கொள்ளும். அதன்பின் நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பிலும் தன் படியொன்றை ஒட்டிவிடும். எழுதியவற்றைச் சரிபார்ப்பதற்காக அந்த வாரம் முழுவதும் நாங்கள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்துகொண்டிருந்தோம். வைரஸுக்கு அதைவிட உதவி வேறென்ன வேண்டும்?

இத்தகைய கோப்பிலிருந்து மேக்ரோவை மட்டும் நீக்கிவிட்டு எழுத்தை விட்டுவைக்க முடியும். ஆனால் ‘தொற்றிய கோப்பைக் கண்டால் என்ன செய்யலாம்?’ என்று முதல் நாளில் மென்பொருள் கேட்டபோது, இரக்கமே கூடாதென்று ‘அழி’ என்பதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள்தாம். இலவசக் காவலர் கோப்புகளைத் தனியறைக்கு நகர்த்த முனைய, பணம் வாங்கிய காவலர் நகர்த்தப்படும் கோப்பையே குற்றவாளியாகக் கண்டு எங்கள் ஆணைப்படி அழித்துவிட்டார். மறுநாள் பார்க்க வந்த பழுதுபார்க்கும் இளைஞர் சிறிது நேரம் திரையை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், ஒரு உறைல ரெண்டு வாள வச்சிருக்கீங்களே. வைரஸ் ஒண்ணும் பண்ணல. இதுங்க ரெண்டும்தான் அடிச்சிக்கிட்டிருக்கு.”

அவர் சொன்னதன் பொருள் பின்னரே விளங்கியது. நிகழ்நேரக் காவல் செய்யும் மென்பொருள் இயங்குதளத்தின் அடியாழத்தில் அமர்ந்து, எந்தக் கோப்பு திறக்கப்பட்டாலும் அதைத் தான் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே வழிவிடுகிறது. அப்படி இரண்டு இருந்தால், ஒன்று படிக்கத் திறப்பதை மற்றொன்று ‘யாரோ திறக்கிறார்கள்’ என்று தடுத்துப் படிக்கும். அதைக் கண்டு முதலாவது மீண்டும் எழும். மேலும், ஒவ்வொன்றும் வைரஸ்களின் அடையாளத் துணுக்குகளைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் துணுக்குகளே மற்றதன் கண்ணுக்கு வைரஸாகத் தெரியக்கூடும். காவலர்களைச் சோதிப்பதற்கென்றே ஐக்கார் என்னும் 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி உண்டு. எந்தத் தீங்கும் செய்யாது. அதை ஒரு வெற்றுக் கோப்பில் எழுதிச் சேமித்தால் எல்லாக் காவலர்களும் கூச்சலிட வேண்டும் என்பது ஏற்பாடு. பொருள் தெரியாமல் எழுத்து வடிவத்தை மட்டும் கண்டு ஏடு பார்ப்பவரைப் போன்றது இந்த முறை.

அடையாளத்தை விட்டு நடத்தையைக் கவனிக்கும் காவலர்களும் உண்டு. அவர்களாலும் துன்பம் நேர்ந்தது. அக்காலத்தில் தமிழில் தட்டச்சுச் செய்ய ஒரு சிறு செயலியை நிறுவியிருந்தோம். விசைப்பலகையில் நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து, ‘அ’ ஆகவும் ‘ம்’ ஆகவும் மாற்றித் தருவது அதன் வேலை. கடவுச்சொல்லைத் திருடும் உளவு நிரலும் விசைகளை இடைமறிப்பதைத்தான் செய்கிறது. மாற்றித் தராமல் யாருக்கோ அனுப்புகிறது, அவ்வளவே. புதிய காவலர் ஒரு காலைப்பொழுதில் எங்கள் தமிழை விசைத்திருடன் என்று சொல்லிப் பூட்டிவிட்டார். விதிவிலக்குப் பட்டியலில் அதன் பெயரை நாங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ‘இந்தக் கணினியில் தமிழ் எழுதுவது குற்றமன்று’ என்று கையொப்பமிட்டுக் கொடுத்தது போலிருந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்தன்று இது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பாகிய எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. அந்தக் கணினிகள் ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான புதுப்பிப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன, விமானங்கள் பறக்கவில்லை. காவலரிடம் எல்லா அறைகளின் சாவியும் இருப்பதால் அவர் தவறினால் வீடே விழுகிறது. சாவியை வேறு வகையில் பயன்படுத்தியவர்களும் உண்டு. அவாஸ்ட் நிறுவனம் தன்னை நம்பியவர்கள் இணையத்தில் எங்கெங்கே சென்றார்கள் என்ற விவரங்களைத் துணை நிறுவனமொன்றின் வழியாக விற்றது. அதற்காக 2024இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. இலவசம் என்ற சொல்லை இதன்பின் நாங்கள் சற்று நிறுத்தித்தான் படிக்கிறோம்.

அதற்காக, காவலே வேண்டாமென்று சொல்பவர்கள் அல்லர் நாங்கள். இப்போது எங்கள் கணினியில் ஒரேயொரு நிகழ்நேரக் காவலர், விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்தோடே வரும் டிஃபென்டர். வேறொரு வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்கிறது. 2008இல் எங்கள் வீட்டுக் காவலர்களுக்கு இல்லாத பண்பு அது. ஐயம் எழுந்தால் மட்டும் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பைக் கொண்டு ஒருமுறை சோதித்துவிட்டு மூடிவிடுகிறோம். அது அழைத்தால் வந்து நாடி பார்த்துவிட்டுப் போகும் மருத்துவர், திண்ணையில் படுத்துக்கொள்வதில்லை. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத கணக்கைப் பயன்படுத்துகிறோம்.

நாங்கள் மென்பொருள்களின் பெயர்களை ஒப்பிட்டுப் பொழுதைக் கழித்த ஆண்டுகளில், புதுப்பிப்பு வந்திருப்பதாக மூலையில் தோன்றும் குறிப்பை ‘பிறகு’ என்று ஒதுக்கிக்கொண்டேயிருந்தோம். 2017 மே மாதத்தில் வானாக்ரை பரவியபோது அந்தப் ‘பிறகு’ என்ன விலை என்று உலகம் கண்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இட்டுக்கொண்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியே அது நுழையவில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எங்கள் பழைய கணினி விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை. ஆகவே அதன் இணைய இணைப்பை அறுத்துவிட்டோம். இப்போது அதில் கேசட்டுகளை ஒலிக்கோப்புகளாக மாற்றுகிறோம். அந்த வேலைக்கு வெளியுலகம் தேவையில்லை.

2017இல் விண்டோஸ் 10இல் சேர்க்கப்பட்ட ஓர் ஏற்பாடும் உண்டு. குறிப்பிட்ட கோப்புறைகளில் அறிமுகமில்லாத செயலிகள் கைவைக்காதபடி அது தடுக்கும். நாமாக இயக்கினால்தான் இயங்கும். இயக்கிய முதல் வாரம் எங்கள் ஒலித்திருத்தச் செயலியையே அது வாசலில் நிறுத்திவைத்தது. அனுமதி கொடுத்தோம். இத்தகைய தொல்லைகள் இப்போது எங்களைச் சினமூட்டுவதில்லை.

அந்த 43 கோப்புகளின் கதை எஞ்சியிருக்கிறது. ஆய்வு நெறியாளருக்கு எப்போதோ கொடுத்திருந்த குறுந்தகட்டிலிருந்து 29 கிடைத்தன. ஒன்பதன் அச்சுப்படிகள் பழைய தாள்கட்டில் இருந்தன; மறுபடி தட்டச்சு செய்தோம். ஐந்து போயின. அவற்றில் ஒன்று, சுண்ணாம்புச் சுவர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி பாடிய நீண்ட தாலாட்டு. மாமன்மார் கொண்டுவரும் சீர்வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் திடீரென்று தன் இறந்துபோன முதற்குழந்தையின் பக்கம் திரும்பிவிட்ட பாட்டு. மறுபடி அவரிடமே கேட்டுப் பதிவு செய்துவிடலாமென்று 2009 தை மாதத்தில் அந்த ஊருக்குப் போனோம். பாட்டி முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். மகள்தான் மோர் கொடுத்தார். “எங்கம்ம படிச்ச பாட்டு எங்களுக்கு எங்க வரும் டீச்சர்? நீங்கதான எழுதிட்டுப் போனீய, நீங்க படிங்க, கேக்கேன்” என்றார்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வெளி வன்தட்டை இணைத்துப் படியெடுக்கிறோம். எடுத்ததும் கழற்றிவிடுகிறோம், இணைந்தே கிடக்கும் தட்டைப் பணயத்தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும். இன்னொரு படி வெளியூரில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. வன்தட்டிலுள்ள பட்டியல் கோப்பில் 43 வரிகளும் அப்படியே இருக்கின்றன. ஐந்துக்கு எதிரே ஊர்ப்பெயர், பாடியவரின் வயது, பதிவு செய்த நாள் ஆகியவை மட்டும்.