கான்பெராவில் ஒரு செமஸ்டர், கையில் ரிட்டன் டிக்கெட்

ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், வீட்டில் அடுத்த கேள்வி பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை பற்றியதாகத்தான் இருக்கும். எத்தனை ஆண்டுப் படிப்பு, முடித்தபின் எத்தனை ஆண்டு வேலை பார்க்கலாம், எந்த ஊரில் படித்தால் பாயிண்ட் கூடும் என்று மாமா, சித்தப்பா வரை கணக்குப் போடுவார்கள். அதே பிள்ளை ஒரே ஒரு செமஸ்டர், பரிமாற்ற மாணவியாகப் போய்விட்டு வருகிறேன் என்றால் அந்தக் கணக்கு நடுவழியில் நின்றுவிடும். பட்டம் அங்கே கிடையாது, இங்கே படிக்கும் பல்கலைக்கழகம்தான் தரும். படிப்பை முடித்தவர்கள் தங்கி வேலை பார்ப்பதற்கான 485 விசாவுக்கு, குறைந்தது இரண்டு கல்வியாண்டுப் படிப்பை அந்த நாட்டில் முடித்திருக்க வேண்டும். நாலைந்து மாதம் அந்தக் கணக்கில் ஏறாது. அங்கே வாங்கிய மதிப்பெண்கூடப் பல இடங்களில் தேர்ச்சி பெற்றார் என்ற ஒரு வரியாகத்தான் இங்கே பதிவாகும். பட்டமில்லை, மதிப்பெண்ணில்லை, தங்க வழியில்லை. பிறகு எதற்கு இவ்வளவு செலவும் குளிரும்? இந்த மூன்று இல்லைகளில்தான் அந்தப் படிப்பின் பலன் இருக்கிறது என்பது என் கட்சி. திரும்பி வந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை ஒருவரின் கண்ணையும் காதையும் வேறு விதமாகத் திறக்கிறது. தங்கிவிட நினைப்பவருக்கு அது வாய்ப்பது கடினம்.

முதலில் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். பரிமாற்றம் என்பது சொல்லுக்குச் சொல் பரிமாற்றம்தான். இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டு, இங்கிருந்து சிலரை அனுப்பி, அங்கிருந்து சிலரை ஏற்கின்றன. ஒவ்வொருவரும் தத்தம் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் கட்டுகிறார்கள். போய்ச் சேரும் இடம் கல்விக் கட்டணம் கேட்பதில்லை. அங்கே கல்வியாண்டின் முதல் செமஸ்டர் பிப்ரவரி இறுதியில் தொடங்கி ஜூன் வரை, இரண்டாவது ஜூலை இறுதியிலிருந்து நவம்பர் வரை. நம்முடைய ஆண்டோடு ஓரளவு பொருந்துவது இரண்டாவதுதான். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டருக்கு 24 யூனிட், அதாவது ஆறு யூனிட் வீதம் நான்கே பாடங்கள். பன்னிரண்டு வாரம் வகுப்பு. இங்கே ஏழெட்டுத் தாள் எழுதிப் பழகியவருக்கு நான்கு என்றதும் லீவு போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் வாராவாரம் வாசித்துவிட்டு வரவேண்டியது இருக்கும். அதை வைத்துச் சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசும் டியூட்டோரியல் இருக்கும். செமஸ்டர் நடுவில் ஒரு கட்டுரை, கடைசியில் ஒரு கட்டுரை என்று போகும். சில பாடங்களில் இறுதித் தேர்வே கிடையாது. மனப்பாடம் செய்தவருக்கு அங்கே வேலையில்லை. அடுத்தவர் வரியை மேற்கோள் காட்டாமல் எடுத்துப் போட்டவருக்கு விசாரணையே உண்டு. 80 வாங்கினால் ஹை டிஸ்டிங்ஷன், 70 என்றாலே டிஸ்டிங்ஷன். தொண்ணூற்றைத் தோல்வியாகப் பார்க்கும் பள்ளிகளில் வளர்ந்தவர் இந்த அளவுகோலுக்குப் பழகவே சில வாரம் ஆகும். ஆனால் பரிமாற்ற மாணவர் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அங்கே வாங்கும் ஒரு 64 அவருடைய சிஜிபிஏவைக் கெடுக்கப் போவதில்லை என்றால், பொறியியல் மாணவி ஒருத்தி இரு பல்கலைக்கழகங்களின் ஒப்புதலோடு தன் நான்கு பாடங்களில் ஒன்றாகப் பூர்வகுடிகளின் வரலாற்றை எடுக்கலாம். தெரியாத துறையில் தப்பாகப் பேசிப் பார்க்கலாம். மூன்றாண்டுக் கட்டணத்தைக் கல்விக்கடனில் கட்டிவிட்டு, பட்டப்பட்டியலில் ஒவ்வொரு எண்ணையும் வேலைக்கான அடமானமாகப் பார்க்க வேண்டிய மாணவர் அந்தத் துணிச்சலை எங்கிருந்து வரவழைப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. அவர் நிலைமை அப்படி.

திரும்பிப் போகிற மாணவர் என்ற வகையே ஆஸ்திரேலியாவுக்குப் புதிதல்ல. 1950 ஜனவரியில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்சி ஸ்பெண்டரும் இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் முன்னின்ற அந்தப் பேச்சிலிருந்துதான் கொழும்புத் திட்டம் பிறந்தது. அதன் கீழ் 1951 முதல் இந்தியா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளின் மாணவர்கள் உதவித்தொகையோடு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். அப்போது அந்த நாட்டில் 1901இல் போட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயிரோடு இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் குடியேற முடியாது. அப்படியானால் இந்த மாணவர்கள் எப்படி உள்ளே போனார்கள்? படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள் என்பதால்தான். அவர்களுக்குக் கதவைத் திறந்ததும் அந்த நிபந்தனைதான், அவமதித்ததும் அதே நிபந்தனைதான். ஆனால் அதன் விளைவு சட்டம் போட்டவர்கள் எதிர்பாராத பக்கத்துக்குப் போனது. விடுதிகளில், சொந்த வீட்டில் அறை வாடகைக்கு விட்ட குடும்பங்களில், சாப்பாட்டு மேசைகளில் ஆசியர்களோடு பேசிப் பழகிய ஒரு தலைமுறை ஆஸ்திரேலியர்கள் உருவானார்கள். ஆசியர் என்றாலே பயம் என்ற பழைய மனநிலை கரைந்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மொழித்தேர்வு வைத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் முறை 1958இல் போனது, 1966இல் விதிகள் தளர்ந்தன, 1973இல் அந்தக் கொள்கையே முடிந்தது. கொழும்புத் திட்டம் கம்யூனிசத்தைத் தடுப்பதற்கான பனிப்போர் ஏற்பாடு என்று சொல்வார்கள். உண்மைதான், ஸ்பெண்டரே அதை மறைக்கவில்லை. ஆனால் ஏற்பாடு செய்தவர்களின் நோக்கம் ஒன்று, போய் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் வாழ்க்கை வேறொன்று. 1980களின் நடுவில் முழுக் கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அனுமதித்த பிறகு கணக்கு மாறிவிட்டது. இன்று அங்கே பொருளாதாரப் பக்கங்களில் இரும்புத்தாது, நிலக்கரி, எரிவாயு வரிசைக்கு அடுத்தபடியாக, ஏற்றுமதி என்ற தலைப்பின் கீழ்தான் கல்வி வருகிறது. மாணவரை ஏற்றுமதிச் சரக்கின் வாடிக்கையாளர் என்று வகைப்படுத்தும் ஊரில், வாங்கவும் விற்கவும் வராத ஒருவர் இருப்பது நல்லது.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் நிற்காது. சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் ஆசைப்படுவோர் கான்பெராவைச் சாப்பாட்டில் ஊறுகாய் போல ஒதுக்குவார்கள். தலைநகரம் எங்கே என்று அந்த இரண்டு ஊர்களும் ஒத்துப்போகாததால் கட்டப்பட்ட ஊர் அது. 1912இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் சிகாகோவைச் சேர்ந்த வால்டர் பர்லி கிரிஃபின். அந்தத் திட்டத்தின் அழகான வரைபடங்கள் அவர் மனைவி மேரியன் மஹோனியின் கைவண்ணம். (கிரிஃபின் பின்னாளில் லக்னோவுக்கு வேலைக்கு வந்து, 1937இல் இறந்து, அங்கேயே அடக்கமானார். கான்பெராவின் நடுவிலுள்ள ஏரிக்கு அவர் பெயர்.) ஏரியின் வடகரையில் பல்கலைக்கழகம், பாலத்தைக் கடந்தால் தென்கரையில் தேசிய நூலகம், உயர் நீதிமன்றம், தேசிய ஓவியக்கூடம், பழைய நாடாளுமன்றம், மேட்டின்மேல் புதிய நாடாளுமன்றம். எல்லாம் நடக்கிற தூரம். ஜூலை இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போகும் குளிர், வசந்தத்தில் கூட்டைக் காக்கத் தலையைக் குறிவைத்துப் பாயும் மேக்பை பறவைகள், அவற்றுக்குப் பயந்து ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளை முள்ளாகக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் அரசு ஊழியர்கள் என்று இந்த ஊருக்கும் ஒரு குணம் உண்டு. பழைய நாடாளுமன்றத்தின் எதிரே புல்வெளியில் 1972 ஜனவரி 26 அன்று நான்கு பூர்வகுடி இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டுத் தொடங்கிய கூடாரத் தூதரகம் இருக்கிறது. சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டவர்களுக்குத் தூதரகம்தானே வேண்டும் என்பது அவர்கள் நையாண்டி. சற்றுத் தள்ளியிருக்கும் உயர் நீதிமன்றம், வெள்ளையர் வருமுன் இது ஆளில்லா நிலம் என்ற கற்பனையை 1992 ஜூன் 3இல் மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது. 2023 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் பூர்வகுடிகளுக்கு ஒரு குரல் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றபோது, ஆம் என்றது கான்பெரா அடங்கிய தலைநகரப் பகுதி மட்டும். கூட்டம் தொடங்கும்போதெல்லாம் இது இன்ன குடியின் மண் என்று ஒரு வாக்கியம் சொல்கிறார்களே, அதற்கும் அந்த வாக்கெடுப்பின் முடிவுக்கும் என்ன உறவு? குடியுரிமைக்கு வரிசையில் நிற்பவர் இதைச் சத்தமாகக் கேட்க யோசிப்பார். டிசம்பரில் விமானமேறப் போகிறவர் டியூட்டோரியலில் கேட்டுவிடுவார். அதே கேள்வி இங்கே நம் ஊரின் நிலத்தைப் பற்றியும், யார் யாரை அந்நியராக்கினார்கள் என்பதைப் பற்றியும் திரும்பும்; அதைத் தவிர்க்க முடியாது.

தொலைவிலிருந்து பார்ப்பதன் பலனுக்கு அங்கேயே சாட்சிகள் உண்டு. இந்தியாவின் பழம்பெருமை பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதிய ஏ.எல். பாஷம் 1965 முதல் கான்பெராவில் பேராசிரியர். விவசாயியின் கண்ணிலிருந்து இந்திய வரலாற்றை எழுத முயன்ற அடித்தள மக்கள் ஆய்வுக் குழுவின் ரணஜித் குஹா 1980களில் அதே வளாகத்தில்தான் இருந்தார். யாழ்ப்பாணத்தவரான வரலாற்றாசிரியர் சி. அரசரத்தினம், நியூ சவுத் வேல்ஸின் மேட்டு நிலத்திலுள்ள ஆர்மிடேல் என்ற சிற்றூரில் பல்லாண்டு பணியாற்றினார். சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றிய அவரது 1986ஆம் ஆண்டு நூல் இன்றும் அத்துறையில் தவிர்க்க முடியாதது. இவர்கள் செமஸ்டர் மாணவர்கள் அல்ல என்பது தெரியும். ஆனாலும் நம்மைப் பற்றிய நல்ல கேள்விகள் சில நாம் இல்லாத இடத்தில் உருவாகியிருக்கின்றன. இதற்கு எதிர்ப்பக்கமும் கான்பெராவிலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட சோழர் கால நடராஜரை, அங்குள்ள தேசிய ஓவியக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. திருட்டு அம்பலமானபின் 2014 செப்டம்பரில் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார். போன பொருள் எல்லாம் பரிமாற்றம் ஆகிவிடாது.

எதிர்வாதங்களில் வலுவானது, நாலு மாதத்தில் என்ன தெரிந்துவிடும் என்பது. ஓப்பரா ஹவுஸ் முன்னால் ஒரு படம், கங்காருவோடு ஒரு படம், இன்ஸ்டாகிராமில் முப்பது படம், அவ்வளவுதானே என்கிறார்கள். இதில் பாதி உண்மை. நாலு மாதத்தில் ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. நாற்பது ஆண்டிலும் முடியாதவர்கள் உண்டு. ஆனால் சுற்றுலாப் பயணிக்குக் கெடு கிடையாது, பரிமாற்ற மாணவருக்கு உண்டு. வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் கட்டுரை ஏற்றப்பட வேண்டும், செவ்வாய்க்கிழமை குழுவேலையில் தன் பங்கைச் சொல்ல வேண்டும், அந்தக் குழுவில் வராமல் ஏமாற்றும் ஒருவனோடு சண்டை போட வேண்டும். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழாமல் ஒரு மாதம் ‘எக்ஸ்கியூஸ் மி’யிலேயே காலம் தள்ளலாம், அதன்பிறகு அழைத்தே ஆக வேண்டும். ஊரைப் பார்ப்பதைவிட ஊரோடு வேலை செய்வதுதான் அறிவைத் தருகிறது. அப்படியும் நம்மவர் நாலு பேர் ஒரே வீட்டில் குக்கர் வைத்து, சனிக்கிழமை மளிகைக்குப் போய், தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வரலாமே என்றால், வரலாம். எந்த ஏற்பாடும் அதைத் தடுக்காது. தடுக்கவும் வேண்டாம், குளிர்காலத்தில் ரசம் ஒரு தேவை.

பணம் பற்றிய எதிர்வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கல்விக் கட்டணம் இல்லை என்பது செலவில்லை என்றாகாது. மாணவர் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு வருபவருக்கும் ஒரு செமஸ்டருக்கு வருபவருக்கும் அதே தொகை. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும் என்பது விதி. குறைவாகத் தங்குவோருக்கு அந்த விகிதத்தில் குறையும். அதன்மேல் கட்டாய மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், அறை வாடகை. வகுப்பு நடக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றாலும், அதை முழுவதும் பார்த்தால் வாசிப்பு போய்விடும். ஆக, உதவித்தொகை இல்லையென்றால் இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பயணம்தான். இதை மறுக்க முடியாது. ஆனால் இது பரிமாற்றத்துக்கு எதிரான வாதமல்ல, உதவித்தொகைக்கான வாதம். 1951இல் அதைப் புரிந்துகொண்டு பணம் ஒதுக்கியிருந்தார்கள்.

கடைசியாக நம் பக்கத்துக் குறை. தேசியக் கல்விக் கொள்கை வந்து, கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் வங்கி 2021இல் தொடங்கியும், ஒரு செமஸ்டர் வெளியே படித்தவர் திரும்பிவந்ததும் எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று துறைத்தலைவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஓடுவது நிற்கவில்லை. பூர்வகுடி வரலாற்றுக்குச் சமமான தாள் நம் பாடத்திட்டத்தில் இல்லை என்பதற்காக அதைப் படித்தவர் ஒரு தாளைக் கூடுதலாக எழுதினால், நான் மேலே சொன்ன துணிச்சலுக்கு அபராதம் போட்ட கதையாகிவிடும். இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. பரிமாற்ற ஒப்பந்தங்கள் போகிறவர், வருகிறவர் எண்ணிக்கையைச் சில ஆண்டுகளில் சமன் செய்யப் பார்க்கின்றன. ஆஸ்திரேலியா 2014 முதல் புதிய கொழும்புத் திட்டம் என்ற பெயரில் தன் இளநிலை மாணவர்களை இந்தோ-பசிபிக் நாடுகளுக்கு அனுப்புகிறது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. பழைய திட்டம் ஒருவழிப் பாதை, இது எதிர்வழி. அவர்களில் எத்தனை பேர் நம் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு செமஸ்டர் உட்காரும்படி நாம் வைத்திருக்கிறோம்? விடுதியில் மாலை ஆறரைக்குக் கதவு சாத்துகிறோம், பாட அட்டவணையைச் செமஸ்டர் தொடங்கியபின் ஒட்டுகிறோம், மதிப்பெண் பட்டியலை அடுத்த செமஸ்டர் நடுவில் தருகிறோம். அவர்கள் வராவிட்டால் ஒப்பந்தத்தில் அவர்கள் பக்க எண் பூஜ்யமாகவே நிற்கும். அடுத்த ஆண்டு நம் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்கும் பெண்ணுக்குக் கான்பெராவில் இடமில்லை என்று பதில் வரும்.