தேடி வந்தவர்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் மனைவி லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு கவுன் எடுத்து வருவாள். 2001இல் எடுத்தது கைக்குழந்தைக்கு. 2002இல் ஒரு வயதுக்கு, 2003இல் இரண்டு வயதுக்கு. புதியது வந்ததும் பழையது எதிர்வீட்டுக்குப் போய்விடும். எதற்கு ஒவ்வொரு வருஷமும் அளவைக் கூட்டுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “நம்ம பிள்ளை எங்கேயோ பொறந்திருக்கும்ங்க. வளர்ந்துகிட்டும் இருக்கும். நாமதான் இன்னும் பாக்கல” என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அப்போது நாங்கள் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடியில் இருந்தோம். சமையலறை ஜன்னலில் கெக் லோக் சி கோயில் தெரியும். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான் பீச் ஸ்ட்ரீட்டில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எழுத்தர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான், தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தோம்.

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு குடும்பம் நடத்துவது போலத்தான் இருந்தது. நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, சம்பளச் சான்று, கல்யாணச் சான்று, எங்களை அறிந்த மூவரின் கடிதம். இந்தியாவில் ஒரு தாள் நகர்வதற்குள் இங்கே ஒரு சான்று காலாவதியாகிவிடும். மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி எக்ஸ்ரே. கோலாலம்பூருக்குப் போக வேண்டியிருந்தால் இரவு பெர்ரியில் கடல் தாண்டி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடிப்போம். பெர்ரியின் மேல்தளத்தில் உப்புக்காற்று அடிக்கும். கோப்பு நனையாமல் இருக்க அவள் அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து அணைத்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்குத் தூங்கும் பிள்ளையை வைத்திருப்பது போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி அம்மா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னிடம், “குழந்தை ராத்திரி அழுதா யார் எழுந்திருப்பீங்க?” என்றார். நான் யோசிக்காமல் “நான்தான்” என்றேன். அன்று இரவு மூன்று மணிக்கு உண்மையிலேயே எழுந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் எங்களுக்கு 1984ஆம் ஆண்டின் தீர்ப்பை விளக்கினார். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். பெற்றவர்களோடு இருக்க வழியுண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்தியாவிலேயே ஒரு குடும்பம். அதுவும் அமையாவிட்டால்தான் வெளிநாடு. “ஆக நீங்க வரிசையில கடைசி” என்றார் நண்பர். எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இந்தப் பினாங்குக்கு வந்தவர். அதே ஊர்ப் பிள்ளையைக் கேட்க நான் எப்படி வெளிநாட்டான் ஆவேன் என்று மனத்துக்குள் வாதாடினேன். அந்த வரிசையின் நியாயம் எனக்குப் புரிய இன்னும் சில காலம் ஆக வேண்டியிருந்தது.

2004 அக்டோபரில் படம் வந்தது. நாகை மாவட்டத்தில், கடலிலிருந்து தள்ளி உள்ளே இருந்த ஒரு சிறிய இல்லத்திலிருந்து. ஒன்றரை வயதுப் பெண். பிரசவத்தில் தாய் இறந்துவிட்டாள். மீன்பிடித் தொழிலாளியான தகப்பன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பாஸ்போர்ட் அளவுப் படம். நெற்றியில் பெரிய சாந்துப் பொட்டு, ஒரு காதில் மட்டும் கம்மல். என் மனைவி அந்த வருஷத்துக்காக மூன்று வயது அளவில் ஏற்கெனவே கவுன் எடுத்து வைத்திருந்தாள். அன்று மாலையே கடைக்கு ஓடி அதை ஒன்றரை வயதுக்கு மாற்றி வந்தாள். மஞ்சள் நிறம், மார்பில் வெள்ளைப் பூவேலை. படத்தை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் நான்கு மூலை ஒட்டி வைத்தோம். பெயரும் வைத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் பசியாற உட்கார்ந்தபோது கூடத்து விளக்கு ஆடியது. தேநீர் தட்டில் சிந்தியது. “யாரோ கட்டடத்தைப் பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கு” என்றாள். படிகளில் காலடிச் சத்தம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி செருப்பில்லாமல், பூனையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே அரை மணி நேரம் நின்றுவிட்டு எல்லாரும் மேலே வந்துவிட்டோம். சுமத்ராவில் நிலநடுக்கம் என்றார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

இதை நான் பிறகு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சுமத்ரா எங்களுக்குப் பக்கத்து வீடு. நாகப்பட்டினமோ வங்கக் கடலின் அடுத்த கரை. ஆனால் நிலநடுக்கம் கிளப்பிய அலை திறந்த கடலில் நேராக ஓடி நாகையை அடைந்தபோது அங்கே காலை ஒன்பதைத் தாண்டிய நேரம், எங்கள் கடிகாரத்தில் பதினொன்றரைக்கு மேல். எங்கள் பக்கம் அது சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, ஆழமில்லாத மலாக்கா நீரிணைக்குள் மெல்ல நுழைந்து வர வேண்டியிருந்தது. பினாங்கைத் தொட்டபோது மணி ஒன்றேகால். கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் வீடுகள் போய், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் போய், ஒன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் கடற்கரையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்தியப் பெருங்கடலில் அன்றைக்கு எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பத்து ஃபெரிங்கி. மைத்துனரின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துப் போயிருந்தோம். வெயில், வாணலியில் பூண்டு தாளிக்கும் வாசனை, எங்கோ ஒரு வானொலி. பெரியவன் ஓடி வந்து, “மாமா, தண்ணி உள்ள போயிருச்சு, மீன் துள்ளுது” என்றான். எழுந்து பார்த்தேன். பாறைகள் கறுத்து வெளியே தெரிந்தன. பிள்ளைகள் மீன் பொறுக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். வயதான மலாய் மீனவர் ஒருவர் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி ஓடி வந்தார். “ஆயர் நாயிக்! ஆயர் நாயிக்!” தண்ணீர் ஏறுகிறது. அந்தக் குரல் உடைந்திருந்தது. சின்னவனைத் தூக்கினேன், பெரியவன் கையைப் பிடித்தேன், ஓடினேன், முதுகுக்குப் பின்னால் லாரி லாரியாகக் கல் கொட்டுவது போல் சத்தம், மேசை நாற்காலி எல்லாம் மிதந்து வந்து கால்களில் மோதின, முழங்கால், இடுப்பு, ஒரு மோட்டார் சைக்கிள் புரண்டு போனது, வேலிக் கம்பியைப் பிடித்தேன், விடவில்லை, சாலை, மேடு, ஒரு சுவர். திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து நிமிஷமாக இருக்கலாம். சாலை வளைவில் நடந்து வந்தாள். உடம்பெல்லாம் கறுப்புச் சேறு, டீசல் நாற்றம். இடுப்பில் ஒரு குழந்தை.

மூன்று வயதிருக்கும் மலாய்ப் பெண் குழந்தை. கடைக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். இவள் கைநீட்டியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டுவிட்டது. “மாக்”, அம்மா, என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்து அதன் முகத்தைத் துடைத்தாள். நாங்கள் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். ஆம்புலன்ஸ்கள் போயின. குழந்தை அவள் தோளில் தூங்கிப்போனது. தூங்கும் குழந்தையின் எடை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் அறிந்தாள். அதை அவள் சொல்லவில்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்த விதத்தில் நான் பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் இருக்கும். செருப்பில்லாமல், முக்காடு இல்லாமல், நெற்றியில் ரத்தத்தோடு ஒரு பெண் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்களைத் தாண்டிப் போய்விட்டு, நின்று, திரும்பினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டாள். பத்து அடி போனவள் மறுபடி வந்து, என் மனைவியின் இரண்டு கைகளையும் தன் ஈரக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

மலேசியாவில் 68 பேர் போனார்கள். அவர்களில் 52 பேர் எங்கள் பினாங்கில். பெரும்பாலும் எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக்குக் கடற்கரைக்கு வந்த குடும்பங்கள். அதே பத்து ஃபெரிங்கியில் மியாமி கடற்கரைக் கடையொன்றில் தூங்கிக்கொண்டிருந்த, பிறந்து இருபது நாளே ஆன தமிழ்ப் பெண் குழந்தை மெத்தையோடு மிதந்து உயிர் பிழைத்ததை ஊரே பேசியது. அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் பிழைத்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் என்று செய்தி வந்தபோது பிள்ளை இருந்த இல்லத்தின் தொலைபேசி நான்கு நாளாக எடுக்கப்படவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெண் எடுத்தார். “பிள்ளைங்க எல்லாம் பத்திரம்மா. தண்ணி இங்க வரல.” என் மனைவி ரிசீவரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகுதான் மனிதர்கள் வந்தார்கள். நல்லவர்கள். எங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள். “இனிமே உங்களுக்குச் சீக்கிரம் கிடைச்சிரும். அங்க எவ்வளவு பிள்ளைங்க அநாதையா நிக்குதுங்க” என்றார்கள். கோயிலில் ஒருவர் சொன்னார், பள்ளியில் ஒருவர் சொன்னார். அந்த ஜனவரியில் யுனிசெஃப் ஒரு செய்தியை வெளியிட்டது. ஆச்சேயின் முந்நூறு அநாதைக் குழந்தைகள் தத்துக்குத் தயார், எந்த வயது, ஆணா பெண்ணா என்று சொன்னால் போதும் என்று ஒரு குறுஞ்செய்தி மலேசியாவில் அவர்கள் அலுவலர் ஒருவரின் கைப்பேசிக்கே வந்திருந்தது. இந்தோனேசியா பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரில்லாமல் ஆச்சேயை விட்டு வெளியேறத் தடை போட்டது. தமிழ்நாட்டிலும் ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்தினார்கள். நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் அரசே இல்லங்கள் திறந்தது. எங்கள் பிள்ளை அலைக்கு முன்பே அங்கே இருந்தவள். ஆனாலும் அந்தக் கரையில் எல்லாக் கோப்புகளும் நின்றன.

ஒரு உறவினர் வீட்டுக்கே வந்து, “தடையெல்லாம் பேப்பர்லதான். ஆள் புடிச்சா நடக்கும்” என்றார். என் மனைவி தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, அன்னைக்கு அந்த மலாய்ப் பிள்ளைய நான் ரெண்டு மணி நேரம் தூக்கி வெச்சிருந்தேன். அநாதைன்னு நெனச்சு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருந்தா அந்தம்மா எங்க போய்த் தேடியிருப்பாங்க?”

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். நண்பர் சொன்ன வரிசை எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. நாங்கள் கடைசியில் நிற்கத்தான் வேண்டும். எங்களுக்கு முன்னால் யாரோ செருப்பில்லாமல் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

இலங்கையில் கல்முனை மருத்துவமனையில் 81 என்ற எண்ணோடு கிடந்த குழந்தையைப் பல தம்பதிகள் தங்களுடையது என்றதாகச் செய்தி வந்தது. பிப்ரவரியில் மரபணுச் சோதனை முடிந்து பெற்றவர்களிடம் போனான். அந்தச் செய்தியைப் படித்த அதே வாரம் எங்களுக்கு இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறே வரி. குழந்தையின் தாயோடு பிறந்தவள், கடலோரக் குப்பத்தில் இருப்பவள், அலையில் தன் பிள்ளைகள் இரண்டையும் இழந்தவள், ஊர்ப் பெரியவர்களோடு வந்து அக்காள் மகளைக் கேட்கிறாள். குழந்தைகள் நலக் குழு அவளிடமே ஒப்படைக்க முடிவு செய்திருக்கிறது. வருந்துகிறோம்.

என் மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். விளக்கு மாடத்தில் வைத்தாள். சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். சோறு வெந்து வடித்த பிறகுதான் பேசினாள். “ரெண்டு பிள்ளைய குடுத்துட்டு வந்திருக்காங்க. நாம என்னங்க சொல்ல முடியும்?” என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கோபமாகக்கூட வரவில்லை. கைகள் மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தன.

2007இல் பினாங்கிலேயே எங்களிடம் ஒரு பையன் வந்தான். எட்டு மாதம். சட்டப்படி இரண்டு வருஷம் வளர்த்த பிறகு பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பதிந்தோம். முதல் ராத்திரி அவன் அழுதபோது நான்தான் எழுந்தேன். போன மாதம் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன் முதல் பக்கத்தில் நான்கு மூலைகள் மட்டும் ஒட்டியிருப்பதைப் பார்த்து, “இதுல யாரும்மா இருந்தது?” என்றான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மீனவர் கத்தியதிலிருந்து தொடங்கினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். இதை நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் படத்தை 2005 மார்ச்சில் நாங்கள் திருப்பி அனுப்பினோம். அது அவர்கள் வீட்டுப் பிள்ளையின் படம் என்றாள் என் மனைவி. மஞ்சள் கவுனையும் மடித்து உள்ளே வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு இதற்குள் இரண்டு வயது நெருங்கியிருக்கும், ஒன்றரை வயதுக் கவுன் சிறியதாக இருக்குமோ என்று யோசித்து, கீழே மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து நீளமாக்கினாள். இல்லத்தின் மேல்விலாசமிட்டு, சித்தியிடம் சேர்க்கும்படி எழுதி, டவுனிங் ஸ்ட்ரீட் தபால் நிலையத்தில் கொடுத்தோம். பதில் வரவில்லை. பார்சலும் திரும்பி வரவில்லை.