பல்சக்கரம் நீங்கிய இடத்தில்

ஏப்ரல் 5, 2025, ஓசூர்

டெர்பியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களையும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களையும் உரிமம் பெற்றே ஏற்றுமதி செய்ய வேண்டுமென்று சீனா நேற்று விதித்த கட்டுப்பாடு, மின் ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகும் ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு அயலூர்ச் செய்தியன்று. டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டரின் காந்த மோட்டார் பின்சக்கரத்தின் குடத்திலேயே அமர்ந்து, இடையில் கியரோ பெல்ட்டோ இன்றிச் சக்கரத்தை நேரே சுழற்றுகிறது. நேரடி இயக்கக் காற்றாலையில் அதே ஏற்பாடு தலைகீழாகி, இறக்கைகளே காந்தச் சுழலியைத் திருப்ப, மின்சாரம் பிறக்கிறது. எனர்கானின் 800 கிலோவாட் காற்றாலைகளோ காந்தத்துக்குப் பதில் செப்புச் சுருள்களில் மின்னோட்டம் செலுத்தி அருமண் தேவையைத் தவிர்த்துவிட்டன.

ஜூன் 14

காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் பருவக்காற்று வலுக்கும் காலம் இது. நிமிடத்துக்கு 17 முறை சுற்றும் இறக்கைகளோடு 44 துருவ இணைகள் கொண்ட மின்னாக்கியை நேரே பிணைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 12.5 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரம்; காற்றுக்கேற்ப அதுவும் ஏறி இறங்கும். கிரிட் எனப்படும் மின்கட்டமைப்புக்கோ 50 ஹெர்ட்ஸ் வேண்டும். ஆகவே மின்சாரம் முழுவதையும் முதலில் டிசியாக்கி, பின்னர் 50 ஹெர்ட்ஸ் ஏசியாக மீண்டும் உருவாக்கும் மின்திறன் மாற்றி, அதாவது கன்வெர்ட்டர், இன்றியமையாததாகிறது. மின்னாக்கியின் சுழலிச் சுருளுக்கும் மின்னோட்டம் தரும் கியர் வகைக் காற்றாலைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மின்சாரமே கன்வெர்ட்டர் வழியே செல்லும். நேரடி இயக்கத்தில் அந்தச் சலுகை இல்லை. வென்சிஸ் தொழில்நுட்பத்தில் ரீஜென் பவர்டெக் தயாரித்தவை போன்ற 1.5 மெகாவாட் காற்றாலையில், 690 வோல்ட் என்று கொண்டால், கிரிட் பக்கம் மட்டும் ஏறத்தாழ 1,250 ஆம்பியர் பாய வேண்டும்.

ஜூன் 15

கியரை நீக்கியதும் தேய்மானம் நீங்கிவிட்டதென்று விற்பனைக் கையேடுகள் சொல்வது பாதி உண்மையே. கன்வெர்ட்டரிலுள்ள ஐஜிபிடி எனும் மின்னணு ஆளி 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் 10 மில்லிநொடி சுமை தாங்குகிறது, 12.5 ஹெர்ட்ஸில் அது 40 மில்லிநொடியாக நீள்வதால், சில்லு ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாகச் சூடேறிக் கூடுதலாகத் தணிகிறது. சில்லோடு இணைத்த அலுமினியக் கம்பி சிலிக்கானைவிடப் பல மடங்கு விரிவதால், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் மெல்ல வளர்ந்து, ஒருநாள் கம்பி பெயர்ந்துவிடுகிறது. கியர் எண்ணெய் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. காற்று வீசும் மாதங்களில் ஒரு காற்றாலை நின்றால் ஆண்டு வருமானத்தில் எவ்வளவு போகும் என்பதை முப்பந்தல் உரிமையாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 2

கன்வெர்ட்டரின் விலையை நியாயப்படுத்துவது வேறொன்று. மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு இணைப்பு விதிகளின்படி, கிரிட்டின் மின்னழுத்தம் 15 விழுக்காடாகச் சரிந்தாலும் காற்றாலை 300 மில்லிநொடி இணைப்பில் நீடிக்க வேண்டும். அந்நேரத்தில் இறக்கைகள் தரும் ஆற்றல் வெளியேற வழியின்றி டிசி பகுதியில் தேங்கும்போது, சாப்பர் எனும் ஆளி அதை ஒரு மின்தடைக்குத் திருப்பி வெப்பமாக்கிவிட, மின்னாக்கி கிரிட்டின் அதிர்ச்சியை உணராமலே சுழல்கிறது. மின்னாக்கியின் நிலைச்சுருள் கிரிட்டோடு நேரே பிணைந்த கியர் வகைகளுக்கு இந்தப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.